இன்னா மீடியம்?

கள்ளக்குறிச்சி
10.1.1999

அன்புள்ள அப்பாவுக்கு,

செவ்வந்தி வணங்கி எழுதுவது. நான் இங்கே சுகம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றியதா? விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் அம்மா அழும், அதனால் எழுதவில்லை.

ஒரு முக்கியமான விஷயம். மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பள்ளிப் பாடப்புத்தகம் மட்டும் போதாது என்று கமலா சொல்கிறாள். இவள் என்னோடு விடுதியில் இருக்கும் வடக்கனந்தல் பெண். அவள் அண்ணன் போன வருஷம் அந்தத் தேர்வை எழுதியவர். ஒரு கேள்விக்கு நான்கு விடை கொடுப்பார்களாம். ஒன்றுதான் சரி, மற்ற மூன்றும் சரி மாதிரியே இருக்குமாம். அதற்குப் பழக இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் கைடு வேண்டும். கமலாவிடம் இரவல் கேட்டேன். தருகிறேன் என்றாள், இன்னும் தரவில்லை. அவளுக்கும் அதே தேர்வுதானே.

ஞாயிறு தவிர எங்களை வெளியே விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை புத்தகக் கடை இல்லை. நீங்கள் மரவள்ளி லோடு இறக்க வரும்போது கடைத்தெருவில் நுழைவுத் தேர்வுக் கைடு என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

அன்பு மகள்
இ. செவ்வந்தி


கரியாலூர்
24.1.1999

என் செல்லத்துக்கு அப்பா எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஐந்தாம் வகுப்பில் விட்ட இடத்திலேயே அது நிற்கிறது. அம்மா வீங்கின காலோடு வேலைக்குப் போகிறாள். சொன்னால் கேட்கிறவளா?

புத்தகம் உன் கைக்கு வந்திருக்கும். வாங்கின கதையைக் கேள். கடையில் படித்தவர்கள் கூட்டம். நான் லோடு இறக்கின மண்ணோடு ஓரமாக நின்றேன். என் முறை வந்ததும், "டாக்டருக்குப் படிக்கிற நுழைவுத் தேர்வு கைடு, மூணு" என்றேன். கடைக்காரர், "இன்னா மீடியம்?" என்று கேட்டார். எனக்கா தெரியாது? போன தீபாவளிக்கு உனக்குச் சுடிதார் எடுத்தபோதும் மீடியமா லார்ஜா என்றுதானே கேட்டார்கள். "மீடியம்லாம் வேணாங்க. படிக்கிற புள்ள. இருக்கறதுலயே பெருசா எடுங்க" என்றேன். கடையே சிரித்தது! கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஸ்டூலில் ஏறி மேல் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். படித்தவர்களோடு நின்று அப்படிச் சிரித்ததே இல்லை.

அவரிடமே பேனா வாங்கி, மூன்றிலும் முதல் பக்கத்தில் எழுதினேன். என்ன எழுதினேன் என்று பார்த்திருப்பாய். எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

விடுதிக்கு வந்தபோது நீ ஸ்பெஷல் வகுப்பில் இருந்தாய். சமையல்கார தைலம்மாளிடம், நான் செவ்வந்தியின் அப்பா என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். கடையில் நடந்ததையும் சொன்னேன். அந்த அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தது. நல்ல மனுஷி. நன்றாகப் படி.

உன் அப்பா
இருசப்பன்


கள்ளக்குறிச்சி
30.1.1999

அப்பாவுக்கு,

புத்தகங்கள் மூன்றும் இங்கிலீஷ். மீடியம் என்றால் அளவு இல்லை அப்பா. எந்த மொழியில் படிக்கிறோம் என்று அர்த்தம். நான் தமிழ் மீடியம். இதில் ஒரு கேள்வி எனக்குப் புரிவதற்குள் தேர்வே முடிந்துவிடும். தமிழ் என்று எழுதாமல் விட்டது என் தப்புதான். ஆனால் தெரியாத இடத்தில் தெரியாது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

தைலம்மாக்கா அந்தக் கதையைச் சாப்பாட்டு வரிசையில் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் புத்தகத்தைப் பிரித்து, முதல் பக்கத்தையும் படித்துவிட்டார்கள். இப்போது நான் தட்டோடு நின்றால், "டாக்டரம்மாவுக்கு மீடியம் கரண்டி வேணாங்க்கா, இருக்கறதுலயே பெருசா ஊத்துங்க" என்று கமலாவே கத்துகிறாள். விடுதி முழுக்கச் சிரிப்பு. மானம் போகிறது.

புத்தகங்களைத் தங்கதுரை மாமா கண்டக்டராக வரும் பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மாற்றித் தமிழில் வாங்கி அவரிடமே கொடுத்துவிடுங்கள். நீங்கள் கொண்டுவர வேண்டாம். அப்படியே வந்தாலும், மண்ணு வேட்டியோடு நின்று செவ்வந்தி அப்பா செவ்வந்தி அப்பா என்று எல்லாரிடமும் கதை பேசாதீர்கள். யார் என்று கேட்டால் ஊர்க்காரர் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இ. செவ்வந்தி


கரியாலூர்
11.2.1999

மகள் செவ்வந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

மீடியம் என்றால் மொழி. இப்போது தெரிந்துகொண்டேன். அப்படியானால் அன்று அவர்கள் என்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்ததை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. அது போகட்டும்.

தங்கதுரையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்தார். "பேரு எழுதி இருந்தாக்கூடப் பரவால்ல, மேல ஸ்டிக்கர் ஒட்டிப்பேன். மூணுத்துலயும் மொதோ பக்கத்தையே கிழிச்சிக்கினு வந்தா நான் யாருக்கு விக்கறது?" என்றார். நானும் அப்போதுதான் பார்த்தேன். "நான்தாங்க பீடி பத்த வெக்கக் கிழிச்சிட்டேன்" என்றேன். "பொஸ்தகத்துலயாய்யா பீடி பத்த வெப்ப? இதுல உன் வூட்டுல ஒரு டாக்டரு வேற" என்று திட்டினார். எனக்குப் பீடிப் பழக்கம் இல்லையென்று தங்கதுரைக்குத் தெரியும். அவன் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆனாலும் இளகின மனசுக்காரர். கெஞ்சி நின்றதில் தமிழ்ப் புத்தகங்களைக் கொடுத்தார். இவை மெலிசாகத்தான் இருக்கின்றன. சரியானவைதானா என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டேன்.

தங்கதுரை உடனே உளுந்தூர்பேட்டை வண்டியில் வேலைக்கு ஏற வேண்டியிருந்தது. அதனால் நானே கொண்டுவரும்படி ஆயிற்று, கோபித்துக்கொள்ளாதே. குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டு, தங்கதுரையிடம் மாற்றுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் வந்தேன். வார்டன் அம்மா, "நீங்க யாருங்க?" என்று கேட்டார். "ஊர்க்காரங்க" என்றேன். தைலம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். புத்தகங்களை வாங்கிக்கொண்டாள்.

உள்ளே நீ சத்தம் போட்டுப் படிப்பது கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

இருசப்பன்


கள்ளக்குறிச்சி
15.2.1999

என் அப்பாவுக்கு,

நீங்கள் வந்த அன்றைக்குத் தைலம்மாக்கா புத்தகங்களைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "உங்க ஊர்க்காரரு குடுத்துட்டுப் போனாரு" என்றார். அன்று நான் சாப்பாட்டு வரிசைக்கே போகவில்லை. அதற்கு மேல் உங்கள் கடிதமும் வந்தது.

கிழித்தது நான். உங்களுக்கும் தெரியும். ஏன் கிழித்தாய் என்று ஒரு வார்த்தை திட்டி எழுதியிருக்கலாமே அப்பா. "டாக்டர் இ. செவ்வந்தி, கரியாலூர்" என்று எழுத்து எழுத்தாக எழுதியிருந்தீர்கள். கமலா அதை ராகம் போட்டுப் படித்தபோது மூன்று பக்கத்தையும் கிழித்துச் சமையல்கட்டு அடுப்பில் போட்டேன். எரிந்து முடிகிறவரை பார்த்துக்கொண்டும் நின்றேன். நீங்கள் அத்தனை பேர் முன்னால் பீடிக்காரர் ஆகிவிட்டீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. கண்ணாடியில் தலை சீவக்கூட வெட்கமாக இருக்கிறது.

புத்தகங்கள் சரியானவைதான். கேள்விகள் எல்லாம் புரிகின்றன. தன் கைடில் இல்லாத கேள்விகள் இதில் இருக்கின்றன என்று கமலாகூட இரவல் கேட்டாள், கொடுத்தேன். ஆனால் மூன்றிலும் முதல் பக்கம் வெறுமையாக இருக்கிறது. இந்த முறை நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. நானே என் பெயரை எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீங்கள் வந்து எழுதுங்கள். டாக்டர் என்று வேண்டாம். அது கிடைத்தால் கிடைக்கட்டும். இருசப்பன் மகள் என்று எழுதுங்கள்.

வந்தது என் அப்பாதான் என்று வார்டன் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஊர்க்காரர் என்று சொல்லச் சொன்னதே நான்தான் என்று சொல்ல வேண்டுமே. வாய் வரைக்கும் வருகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது.

இருசப்பன் மகள்
செவ்வந்தி


கரியாலூர்
22.2.1999

செவ்வந்திக்கு,

சனிக்கிழமை லோடு இருக்கிறது. இறக்கி முடித்துக் குளித்துவிட்டு வருகிறேன். அம்மா வேர்க்கடலை வறுத்துத் தருகிறாள். பேனாவை நீ எடுத்து வை, என்னுடையது கசிகிறது.

ஒன்றே ஒன்றுதான் யோசனையாக இருக்கிறது. வார்டன் அம்மா மறுபடியும் யார் என்று கேட்பார். போன தடவை ஊர்க்காரன் என்றவன் இந்தத் தடவை அப்பா என்று சொன்னால், பொய்க்காரன் என்று உள்ளே விடமாட்டார். அதனால் நீ விடுதி வாசலுக்கு வந்து நின்றுவிடு. நான் யார் என்று அவர் உன்னைக் கேட்கட்டும்.

உன் அப்பா