கேட் நோட்டில் இல்லாத பெயர்

பெங்களூர்
14.8.2003

அன்புள்ள அப்பாவுக்கு, சுரேந்திரன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நடுவட்டத்தில் மழை விட்டதா? டீ விலை ஏறி, ஃபேக்டரியைத் திறப்பதாக ஏதாவது பேச்சு உண்டா?

என் வேலை என்னவென்று கேட்டிருந்தீர்கள். கம்பெனி நெட்வொர்க்கில் திருட்டுத்தனமாக நுழைபவர்களைக் கண்டுபிடிக்க ஒரு காவல் கம்ப்யூட்டர் இருக்கிறது. நம்முடைய கம்ப்யூட்டர்கள் எவை, எது என்ன வேலை செய்யும் என்று ஒவ்வொன்றாக அதற்கு நான் எழுதித்தர வேண்டும். போன வாரம் செவ்வாய்க்கிழமை ஸ்டோரில் இருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அதைத் திருடன் என்று நினைத்து மதியம் வரை அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் நீங்கள் எங்கள் கம்பெனி கேட்டில் நின்றிருக்கிறீர்கள். போன் கொண்டுபோகக் கூடாத அறையில் நான் இருந்தேன். மறுநாள்தான் வாட்ச்மேன் சொன்னார்: "பேரு நோட்டுல இல்லீங்க, உள்ள விட முடியாதுன்னேன். 'பரவாயில்லீங்க, வேலையா இருப்பான், கூப்பிடாதீங்க'ன்னு டீத்தூளைக் குடுத்துட்டுப் போயிட்டாருங்க."

வருகிறேன் என்று முன்பே எழுதியிருந்தீர்கள். இருநூறு கம்ப்யூட்டர்களை எழுதியவன் கேட் நோட்டில் உங்கள் பெயரை எழுதிவைக்கவில்லை.

என் பழைய கம்பளி ஸ்வெட்டரை அனுப்புங்கள். கேட் பாஸுக்கு உங்கள் போட்டோ ஒன்றும் வேண்டும். ஆபீஸ் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

பெயரை இப்போது எழுதிவிட்டேன் அப்பா. தினமும் சாயங்காலம் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறேன். இருளப்பன் என்பதற்கு நேரே கையெழுத்துக்கான இடம் காலியாகவே இருக்கிறது.

சுரேந்திரன்