அப்படி ஒரு டாக்டர் அங்கே இல்லை

இலோய்லோ, பிலிப்பைன்ஸ்,
18 செப்டம்பர் 2011.

அன்பு மகன் அன்செல்மோவுக்கு,

கடவுள் உன்னைச் சுகமாக வைத்திருப்பாராக. நான் நலம். கோயிலில் மண்டியிட மட்டும் முழங்கால் மறுக்கிறது. போனில் நீ பேசும் பத்து நிமிடத்தில் இதெல்லாம் எனக்குச் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

இந்த வருடம் உனக்கு எழுதிய மூன்று கடிதங்களும் திரும்பி வந்துவிட்டன. நீ கொடுத்த மருத்துவமனை முகவரிதான். கன்னியர் பள்ளியில் பழகிய கையெழுத்து, ஓர் எழுத்தும் பிசகவில்லை. மூன்றாவதைக் கொடுக்கும்போது தபால்காரர் மேலே இருந்த குறிப்பைப் படித்துச் சொன்னார்: "அப்படி ஒரு டாக்டர் அங்க இல்லையாம், அம்மா." அமெரிக்காவில் எல்லாருக்கும் கவனக்குறைவு என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். தெரிந்தேதான் 'டாக்டர் அன்செல்மோ வில்லாரூஸ்' என்று எழுதியிருந்தேன்.

படிக்கப் படிக்கச் சம்பளம் உயரும் என்று உனக்கு ஆறு வயதில் சொன்னவள் நான். பத்து வருடம் மருத்துவம் படித்தாய். இங்கே வாங்கிய சம்பளம் மூன்று பிள்ளைகளின் பள்ளிக்குக்கூடப் போதவில்லை. நாற்பத்துமூன்று வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நர்ஸ் படிப்புப் படித்தாய். முன்பு உன்னிடம் பாடம் கேட்ட பெண்ணே அங்கே உனக்கு ஆசிரியை. அந்தச் சின்னப் படிப்புக்கு அமெரிக்காவில் பல மடங்கு கூலி. அங்கே உனக்கு வேலை சொல்பவள் உன்னைவிட இருபது வயது இளையவளாமே. இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. தப்பென்று நிரூபிக்கவும் முடியவில்லை.

போன வாரம் நம் பக்கத்து வீட்டில் வளர்ந்த நெனிங் அமெரிக்காவிலிருந்து தன் தாயின் அஸ்தியோடு ஊருக்கு வந்தாள். கடைசி நாட்களில் அவர் உன் வார்டில் இருந்தாராம். என் மகன்தானே வைத்தியம் பார்த்தான் என்று பெருமையாகக் கேட்டேன்.

"இல்ல அத்தை. டாக்டருங்க எட்டிப் பாத்துட்டுப் போயிருவாங்க. அம்மாவைத் துடைச்சு விட்டது, வீட்லேர்ந்து கஞ்சி கொண்டாந்து ஊட்டினது எல்லாம் அண்ணன்தான். தலைகூட ரெண்டு தடவை வாருவாரு. 'வகிடு கோணலா இருந்தா எங்கம்மா விடமாட்டாங்க'ன்னு உங்களைச் சொல்லிச் சிரிப்பாரு."

அவள் போன பிறகு நெடுநேரம் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தேன். என் வகிடு கோணலாகத்தான் இருந்தது. கண் சரியாகத் தெரிவதில்லை என்பதை நான் உனக்குச் சொல்லவில்லை.

நவம்பரில் அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற வா. விடுப்பு இல்லையென்றால் கிறிஸ்துமஸுக்கு வா. எழுபத்தொன்பது வயதில் அதற்கு மேல் தேதி சொல்ல எனக்குத் துணிவில்லை.

இந்த உறையில் உன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். முன்னால் ஒன்றுமில்லை. கடிதம் திரும்பி வர வேண்டாம், மகனே. நீ வா.

உன் தலையில் கைவைத்து ஆசி கூறும்
அம்மா,
கொன்சுவேலோ வில்லாரூஸ்