சிரிக்கிற தெரு

நுவரெலியா,
வியாழன்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கட முழங்கால் நோ குறைஞ்சதோ?

இந்தப் பழைய பங்களா ஹோட்டலில இருக்கிற கேலிப் படங்களைத் துடைச்சுப் பதியிறதுதான் என்ர வேலை. எல்லாம் நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி லண்டனில அச்சடிச்சது. ஒண்டில, சேத்துத் தெருவில ஒரு துரை வழுக்கி விழ, சனமெல்லாம் சிரிக்குது. கூடைக்காரி ஒருத்தி மட்டும் சிரிக்கேல்லை எண்டு பதிவில எழுதினனான். நேற்றுக் காலமை பார்த்தால், அவவும் சிரிக்கிறா.

அறை கூட்டிற சுகிர்தம் அக்காவைக் கேட்டன். “அவங்க எப்பவும் சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்காங்க, மிஸ்” எண்டா. நான்தான் பிழையா எழுதிப்போட்டனாக்கும். எண்டாலும் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினன். பின்பலகையில பென்சிலால தமிழில எழுதியிருந்தது: “நானும் திருப்பி வச்சேன். பிரயோசனம் இல்ல.”

பயப்பிடாதேங்கோ. என்ர கம்பளிச் சட்டையைப் பார்சலில போடாமல், நீங்களே கொண்டுவந்து நாலு நாள் என்னோட நில்லுங்கோவன்.

தபால்காரர் வந்திட்டார்.

உங்கட மகள்,
லோஜனா