புறா இல்லை என்று சொன்னவர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்கக் கை வரவில்லை. இந்த வீட்டில் நலமாக இருப்பது உன் புறாக்கள் மட்டும்தான். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே ஏசி பெட்டியின் மேல் முட்டை, குஞ்சு, எச்சம் என்று ராஜபோகமாகக் குடித்தனம் நடத்துகின்றன. நகரத்துப் பறவைக்கு எந்த இடம் பிடிக்கும் என்று ஆராய்ச்சி செய்கிறாய், மைனாவுக்குக் குழாய் ஓட்டை, குருவிக்குக் கூரை இடுக்கு, புறாவுக்கு மலைப்பாறை மாதிரி உயரமான மாடிச்சுவர் என்று போனில் பாடம் நடத்துகிறாய், சரி, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கட்டிலில் கிடக்கிற மனுஷனுக்கு எந்த இடம் பிடிக்கும் என்று ஒரு நாளாவது கேட்டாயா? கூட்டைக் கலைக்காதீர்கள், ஏசி போடாதீர்கள், தினமும் பார்த்துச் சொல்லுங்கள் என்றாய். உன் அப்பாவும் ஜன்னலைத் திறந்தே வைத்து, காய்ந்த எச்சத்தைத் தன் கையாலேயே சுரண்டித் தள்ளிக்கொண்டிருந்தார்.

இப்போது மாடிப்படி ஏற முடியவில்லை. ராத்திரி முழுக்க இருமல். உன் அத்தை வந்தவள் இதைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு டோஸ் விட்டுப் போனாள். நுரையீரல் டாக்டர் முதல் நாளே வீட்டுப் பக்கம் புறா உண்டா என்று கேட்டிருக்கிறார். நான் வெளியே சீட்டு வாங்க நின்ற நேரம். இவர் கூசாமல் இல்லை என்றிருக்கிறார். அதை நம்பி ஆஸ்துமாவுக்கு மருந்து மேல் மருந்து. நேற்று நான் கூடவே உட்கார்ந்து உண்மையைப் போட்டு உடைத்தேன். எச்சத்தின் தூசுதான் நுரையீரலைக் கெடுத்திருக்கிறது, கெட்டது திரும்பாது, மிச்சத்தையாவது காப்பாற்றுங்கள் என்று டாக்டர் சத்தம் போட்டார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று வீட்டில் பிடித்துக்கொண்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறார், “கூட்டை எடுக்கச் சொல்லிடுவாங்கடி. பாப்பா படிப்பு கெட்டுப் போயிடும்.” நீ மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன்.

இன்று காலை கூட்டை எடுத்துவிட்டுப் புறா வராமல் வலை அடிப்பவர் ஏணியோடு வந்தார். நிற்கவே முடியாத உன் அப்பா ஜன்னலை மறித்து நின்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். போனில் பேசினால் இவர் காதில் விழும் என்றுதான் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். என் பேச்சு இங்கே எடுபடாது. கூடு வேண்டாம் என்று உன் வாயால் நீ சொல். குஞ்சு பாவம் என்று என்னிடம் வராதே. அதற்குச் சிறகு முளைக்கும், இவருக்கு நுரையீரல் முளைக்காது.

வேளைக்குச் சாப்பிடு. கோபத்தில் எழுதினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், பெற்ற வயிறு வேறென்ன சொல்லும். ஒன்று மறக்காதே, அப்பா போனை எடுத்ததும் புறா எப்படி இருக்கிறது என்று கேட்காதே. வழக்கமாக நீ முதலில் கேட்பது அதைத்தான்.

இப்படிக்கு,
அம்மா