நான்காம் எண் ஜெர்சியில் இருக்கும் சேறு

அனுப்புநர்:
திருமதி டோரீன் கிளெக்,
சலவைப் பொறுப்பு, ப்ரக்டன் டவுன் கால்பந்து அணி,
11, டேனர்ஸ் சந்து, ப்ரக்டன், இங்கிலாந்து.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
ஒழுங்கு விசாரணைக் குழு,
வட மாவட்டக் கால்பந்துச் சங்கம்.

பொருள்: கேப்டன் கானர் ரீவ்ஸ் மீது மேலாளர் கொடுத்த புகார் பொய் என்பது – வியாழக்கிழமை விசாரணையில் என்னையும் கேட்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஜனவரி 17, சனிக்கிழமை, ஆட்ட இடைவேளையில் உடை மாற்றும் அறையில் இருந்தவர்கள்: மேலாளர் பாரி ஸ்டாடன், கேப்டன் கானர் ரீவ்ஸ், கணுக்கால் வீங்கிய ஓவன் பிளாண்ட், மாற்று ஆட்டக்காரன் ஜோயல் கிளெக், இவன் என் மகன் வயிற்றுப் பேரன், மற்ற ஆட்டக்காரர்கள் ஒன்பது பேர், அவர்கள் பெயர்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், உலர்ந்த காலுறைகளோடு நான். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்தில் பிழை இருக்கலாம். நினைவில் இருக்காது.

2. ஓவனை மறுபடி இறக்க வேண்டாம், கால் தாங்காது என்று கேப்டன் சொன்னார். அதற்கு மேலாளர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்: "ஏய் நாலு, உன்கிட்ட எவனாவது கேட்டானா? நீ என்ன டாக்டரா? ஜெர்சியக் கழட்டுடா." அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, முதுகிலுள்ள எண்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான மனிதர் எல்லார் முன்னாலும் வெற்றுடம்போடு நின்றார். ஜெர்சியை என்னிடம் கொடுத்து, "ஈரமா இருக்கு, பாத்துப் பிடிங்க டோரீன்ம்மா" என்றார். அவருக்குப் பதிலாக ஜோயல் இறங்கினான். ஓவனையும் இறக்கினார்கள். ஐந்து கோல் வாங்கித் தோற்றோம். ஓவன் இன்று ஊன்றுகோலில் நடக்கிறான்.

3. கேப்டன்தான் பையன்களைத் தூண்டிவிட்டு ஓடவிடாமல் செய்தார் என்று மேலாளர் தங்களுக்கு எழுதியிருக்கிறார். வியாழக்கிழமை அது உறுதியானால் கேப்டன் இனி எந்த அணிக்கும் ஆட முடியாதாம். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

4. பையன்கள் ஓடவில்லை என்பது உண்மை. அதை முதலில் கண்டவள் நான். அடிபட்டவர்களைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட வைத்தார் மேலாளர். ஆட்டம் முடிந்து எல்லாரும் சேர்ந்து குளிக்கும் தொட்டியில் பாட்டுப் பாடக் கூடாது என்றார். நவம்பர் முதல் என் கூடையில் விழும் கால்சட்டைகள் வெள்ளையாகவே வந்தன. மழைக்காலத்தில், ஐயா, எங்கள் மைதானத்தில்! சறுக்கி விழுந்து பந்தைத் தடுத்தவன் கால்சட்டை அப்படி இருக்காது. ஒருவன் சிரித்துக்கொண்டே, "இனிமே உங்களுக்கு வேலை கம்மி டோரீன்ம்மா, சோப்பு மிச்சம்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மேலாளருக்காக இனி ஒருவனும் விழப்போவதில்லை என்று அன்றே புரிந்துவிட்டது.

5. ஆனால் நான்காம் எண் மட்டும் வாராவாரம் சேறாகத்தான் வந்தது. அதற்கு மட்டும் இரண்டு முறை தண்ணீர் மாற்றுவேன். ஓடாதே என்று மற்றவர்களுக்குச் சொன்னவர் தாம் மட்டும் ஏன் விழுந்து புரள வேண்டும்? அன்று என் கையில் கொடுத்த ஜெர்சியை நான் துவைக்கவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். பாதி ஆட்டத்துச் சேறு அது.

6. குளியல் தொட்டியில் கேப்டன் "அடுத்த மேட்ச்ச விட்டுடுவோம்டா" என்று சொன்னதைக் காதால் கேட்டதாக ஒருவன் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறான். மேலாளரிடம் இருக்கும் ஒரே சாட்சி அவன். அடுத்த சனிக்கிழமை நான்காம் எண் அவன் முதுகில் இருந்தது. அது மாற்று ஜெர்சி, மாட்டிவிட்டவள் நானே. மறுநாள் காலை என் சமையலறையில், "நெஜமாவே கேட்டியாடா?" என்றேன். முட்டையைத் தின்றுகொண்டே, "கேக்கல பாட்டி. அவருக்கு வயசாயிடுச்சு. எனக்கு இப்பதானே ஆரம்பம்" என்றான்.

7. மேலாளரை நீக்கும்படி நான் கேட்கவில்லை. அந்த அறை செத்துவிட்டது, யார் வந்தாலும் எழாது. இந்தக் கடிதம் பிரிக்கப்படும் என்றுகூட எனக்கு நம்பிக்கையில்லை. பிரித்தால், முடிவு எழுதுமுன் அந்த ஜெர்சியைத் தாங்கள் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். வியாழக்கிழமை காலை முதல் தங்கள் வாசலில் நிற்பேன்.

பாரி ஸ்டாடன் பிறவியிலேயே அப்படிப்பட்ட ஆள், அவரைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். நான் மன்னிக்காதவன் ஒருவன்தான். அவன் ஜோயல் கிளெக்.

இடம்: ப்ரக்டன்
நாள்: 26.01.1987

டோரீன் கிளெக்