பவுனக்கா நடை

தாபோடி, புனே
14.11.1996

அன்புள்ள மாடசாமிக்கு,

சீலன் எழுதுவது. நீ ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்த செய்தி உன் அக்கா பவுனக்கா மூலம் கிடைத்தது. எனக்கு ஒரு வரி எழுத உனக்கு நேரம் கிடைக்கவில்லை. பரவாயில்லை, பெரிய மனிதர்களுக்கு ஆயிரம் ஜோலி இருக்கும். அங்கே குளிர் அதிகமாமே, காதை மூடிக்கொள். இனி உனக்குச் சோறு போடப்போவது அந்தக் காதுதான்.

நேற்று பவுனக்கா என்னை வாசலில் நிறுத்திவைத்துக் கேட்டாள். "ஏலே சீலா, ரெண்டு பேரும் ஒண்ணாத்தானலே பாட்டு போட்டீய? அந்த வெள்ளக்காரன் எதுக்குலே அவன மட்டும் கூட்டிட்டுப் போனான்?" நான் என்ன சொல்ல? அன்று சாயங்காலம் கோரேகாவ் பார்க் மொட்டை மாடிப் பார்ட்டியில் நம் ஸ்பீக்கர் வயர் விட்டுப்போனதையும், மேசைக்கு அடியில் குனிந்து அதை இரண்டு விரலால் நான் சேர்த்துப் பிடித்திருந்ததையும் சொல்லவா? சுள்ளென்று கரண்ட் கடித்தபோதெல்லாம் என் விரல் நழுவியது, பாட்டு நின்றது, கூட்டம் ஓவென்று கத்தியது. மறுபடி பிடித்தால் இன்னும் பலமாகக் கத்தியது. நீ வேண்டுமென்றே பாட்டை நிறுத்தி நிறுத்தி விளையாடுவதாக அந்த வெள்ளைக்காரன் வில்லெம் நினைத்துவிட்டான். மேலே நின்றது நீ, அவன் கண்ணில் பட்டதும் நீ. என் விரலுக்குக் கிடைத்த டிக்கெட்டில் ஏறிப் போயிருக்கிறாய்.

பொறாமையாடா என்று கேட்பாய். ஆமாம்.

பெட்டி கட்டும்போது 'பவுனக்கா நடை' ரெக்கார்டைக் காணோம் என்று வீடெல்லாம் தேடினாயே, அது என் பீரோவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நண்பன்
ஜெயசீலன்


ஆம்ஸ்டர்டாம்
9.12.1996

பிரியமுள்ள சீலா,

கடிதம் கண்டேன். திட்டியிருந்தாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வயிறு நிறைந்தது. வந்ததும் எழுதாதது என் தப்பு. இங்கே பாதி நாள் இருட்டு, மீதி நாள் மழை.

வில்லெமிடம் விரல் கதையைச் சொன்னேன். நான் தன்னடக்கத்தில் சொல்வதாக நினைத்து, சிரித்துவிட்டு முதுகில் தட்டினான். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், அதற்கு மேல் அவனுக்கு விளக்க முடியவில்லை. தமிழில் எழுத வருவதே, சேவியர் சார் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிஸ்கட் கொடுத்ததால்தான்.

ஒரு உதவி செய். 'பவுனக்கா நடை'யை நீயே வைத்துக்கொள். அதன் உண்மையான பெயரை மட்டும் எழுதி அனுப்பு. தங்கள் நாட்டுக்குத் திரும்புகிற வெள்ளைக்காரிகள் கொடுத்த ரெக்கார்டுகளை எல்லாம் வாங்கி, மற்ற டீஜேக்கள் பெயரைப் பார்த்துவிடக் கூடாதென்று நடுவில் பழுப்புத்தாள் ஒட்டியவன் நீ. மேலே தமிழில் நம் இஷ்டத்துக்குப் பெயர் எழுதியவன் நான். கேம்ப் ஏரியா டீஜே பையன்கள் எட்டிப் பார்த்துவிட்டு முழித்துக்கொண்டு போவார்களே, இப்போது நான் முழிக்கிறேன். அந்தத் தாளுக்கு அடியில் இருப்பதைப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான். இங்கே நாம் போட்ட ஹவுஸ் ஆட்டப்பாட்டு ரெக்கார்டு மட்டுமே விற்கிற கடை தெருவுக்குத் தெரு இருக்கிறது. கடைக்காரனிடம், எங்கள் அக்கா கோபத்தில் மண்ணெண்ணெய் டப்பாவோடு நடந்து வருகிற மாதிரி ஒரு பாட்டு வேண்டும் என்றா கேட்பேன்?

அக்காவை அடிக்கடி பார்த்துக்கொள். மீன் குழம்பு வைத்தால் அவள் எப்போதும் உன் தட்டில்தான் முதலில் ஊற்றுவாள். எனக்கு அப்போதே வயிற்றெரிச்சல்தான்.

அன்புடன்,
மாடன்


தாபோடி
2.7.1998

மேன்மைதங்கிய 'மேட் சாம்' அவர்களுக்கு,

போஸ்டரில் அப்படித்தான் போடுகிறார்களாமே. மாடசாமி என்று கூப்பிட அவர்களுக்கு வாய் வலிக்கிறதா?

உன்னைப் பற்றி இங்கே இங்கிலீஷ் பேப்பரில் கால் பக்கம் வந்திருந்தது. அக்கா அதைக் கத்தரித்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். தாபோடி வரிசை வீடுகளில் தனி ஒருவனாக ஹவுஸ் இசையைக் கற்றவன் என்று எழுதியிருந்தது. அந்த 'தனி ஒருவன்' எங்கே குடியிருந்தான், என் வீட்டு மாடிப்படிக்கு அடியிலா? நீ சொல்லி எழுதினார்களா, அவர்களாகவே எழுதினார்களா என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய்.

அப்பா போன பிறகு கட்கி ஃபாக்டரியில் அவர் வேலையை எனக்கே கொடுத்துவிட்டார்கள். சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே. கணபதி ஊர்வலத்துக்கும் கல்யாணத்துக்கும் இன்னும் பாட்டு போடுகிறேன். மே மாதம் எனக்கும் மேரிக்கும் கல்யாணம் நடந்தது. உன் வாழ்த்துத் தந்தி வந்தது. தந்திக்கு நன்றி. என் கல்யாணத்துக்கு நானே பாட்டு போட வேண்டியிருந்தது, அதையும் தெரிந்துகொள்.

நீ கேட்ட பெயரைத் தர மாட்டேன். வேண்டுமானால் இங்கே வந்து தாளைக் கிழித்துப் பார்.

ஜெயசீலன்


ஆம்ஸ்டர்டாம்
20.3.2000

பிரியமுள்ள சீலா,

'தனி ஒருவன்' என்று நான் சொல்லவில்லை. அவர்களாகவே எழுதியதுதான். மறுத்து ஒரு கடிதம் போட்டிருக்கலாம், போடவில்லை. அந்தக் கோபம் உனக்கு நியாயம்.

இதோடு, நாம் மேசையில் போடுவது போலப் பாட்டுகளைக் கோத்து நான் செய்த முதல் சிடி வருகிறது. கடைக்குப் போவதற்கு முன்னால் உனக்கு அனுப்புகிறேன். வில்லெமுக்கே இன்னும் அட்டை போட்ட பிரதி கொடுக்கவில்லை. பெர்லினிலும் லண்டனிலும் பையன்கள் இப்போது பாட்டை நடுவில் சட்டென்று நிறுத்துகிறார்கள். அதற்கு என் பெயரை வைத்திருக்கிறார்கள். அது யாருடைய விரல் என்று எனக்குத் தெரியும், ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன்.

யார் என்ன சொன்னாலும் நீ சொல்வதுதான் எனக்குக் கணக்கு. முதலிலிருந்து வரிசையாகக் கேள். அட்டையின் உள்பக்கத்தையும் படி. மூன்றாவது பாட்டு எப்படி இருக்கிறது என்று கட்டாயம் எழுது.

மேரிக்கு என் அன்பு. பதிலுக்குக் காத்திருக்கும்,
மாடன்


தாபோடி
11.8.2000

மாடா,

ஃபாக்டரியில் ஓவர்டைம், அதனால் பதில் எழுதத் தாமதம். சிடி கிடைத்தது. கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. உனக்கென்ன, அந்த ஊர் மெஷினில் எதைப் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும்.

மூன்றாவது பாட்டைக் கேட்டிருந்தாய். பரவாயில்லை, கொஞ்சம் இழுவை. நம் 'பவுனக்கா நடை'க்குக் கிட்ட வருமா? அந்த மாதிரி ஒன்று உனக்கு அங்கே கிடைக்கவில்லை என்று தெரிகிறது. பெயர் தெரிந்தால் கிடைத்திருக்கும், இல்லையா? அதைச் சொல்ல மாட்டேன்.

அக்காவுக்கு முட்டிவலி. நான்தான் ரிக்ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்தேன்.

சீலன்


ஆம்ஸ்டர்டாம்
5.2.2002

சீலா,

மூன்றாவது பாட்டு இழுவை என்று நீ எழுதியதைப் பலமுறை எடுத்துப் படித்துவிட்டேன். பதில் எழுத இத்தனை நாள் ஆனது அதனால்தான். இன்னொரு தரம் கேட்டுப் பாரேன். அட்டையின் உள்பக்கம் ஏதாவது கண்ணில் பட்டதா?

சரி, விடு. 'பவுனக்கா நடை'யின் பெயரைச் சொல்ல இப்போதாவது மனசு வந்ததா? நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

அக்காவின் முட்டிக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நானாக இருந்திருக்க வேண்டும். உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கும் காரணம் உண்டு என்று உனக்குத் தோன்றியதே கிடையாது.

மாடன்


தாபோடி
19.9.2003

மாடா,

கணபதி ஊர்வலத்தில் ஔந்த் பக்கத்துக் காலேஜ் பையன்கள் சிலர் என் வண்டி அருகே வந்தார்கள். "அங்கிள், ஆப் மேட் சாம் கோ ஜான்தே ஹோ க்யா?" என்று கேட்டார்கள். உன்னைத் தெரியாது என்றேன். மூன்று பேரும் தலையை இடது பக்கம் சாய்த்து, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்திருந்தார்கள். உன் ஸ்டைலாம் அது. நம் ஹெட்போனில் வலது காது செத்துப்போய்விட்டது, புதிது வாங்க வழியில்லை, அதனால் அப்படிச் சாய்ந்தாய் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் நான் யாரென்று கேட்பார்கள்.

அவர்களிடம் ஒரு பத்திரிகை இருந்தது. அதில் நீயும் வில்லெமும் மேசைக்குப் பின்னால் நிற்கிற படம். அவன் உனக்கு இடது பக்கம் நிற்கிறான். அது நான் நின்ற இடம். நீ பணக்காரனாவதும் பேர் வாங்குவதும் எனக்கு ஆற்றாமைதான், ஆனால் அதையெல்லாம் எப்படியோ விழுங்கிவிட்டேன். அந்தப் படத்தை விழுங்க முடியவில்லை. மேரி சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து போகவில்லை.

பெயரை அவனிடம் கேள். எல்லாம் தெரிந்தவன்தானே.

ஜெயசீலன்


ஆம்ஸ்டர்டாம்
8.11.2005

அன்புள்ள ஜெயசீலனுக்கு,

இது வரை சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன்.

'பவுனக்கா நடை'யின் பெயர் எனக்கு 1999-லிருந்தே தெரியும். ரோட்டர்டாமில் ஒரு கடையில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ அதைப் போட்டுக் கேட்டார்கள். முதல் நடையிலேயே தெரிந்துவிட்டது. கடை என்றும் பார்க்காமல் அழுதேன். வாங்கி வந்து என் சிடியில் மூன்றாவதாக வைத்தேன். உனக்காகத்தான் வைத்தேன். அட்டையின் உள்பக்கம் அதன் இங்கிலீஷ் பெயருக்குக் கீழே 'பவுனக்கா நடை – சீலனின் விரலுக்கு' என்று தமிழில் அச்சடிக்கச் சொன்னேன். அது என்ன கோலம் மாதிரி என்று வில்லெம் கேட்டான். உலகத்தில் ஒரு ஆளுக்கு மட்டும் புரிந்தால் போதும் என்றேன்.

அந்த ஆள் இழுவை என்று எழுதினான். 'பவுனக்கா நடை'க்குக் கிட்ட வருமா என்றும் எழுதினான்.

நீ அதைக் கேட்கவே இல்லை என்று அன்றே புரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் நான் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதியது எதற்குத் தெரியுமா? ஒரு நாள் பிரித்துப் பார்த்துவிட்டு, "மடையா, அதான் உன் சிடியிலேயே இருக்கே" என்று எழுதுவாய் என்றுதான். நீ மாட்டேன் மாட்டேன் என்று எழுதிய ஒவ்வொரு கடிதமும், இன்னும் பிரிக்கவில்லை என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து வருஷம் ஆகிவிட்டது சீலா, எனக்குச் சலித்துவிட்டது.

ஜனவரியில் புனேயில் நிகழ்ச்சி. முதல் தடவையாக நம் ஊரில் போடப்போகிறேன். அக்காவைப் பார்க்க வருவேன். உன் வாசலுக்கு வர மாட்டேன். பெயரை இனிமேல் கேட்கவும் மாட்டேன்.

நலம் விரும்பும்,
மாடசாமி


தாபோடி
1.12.2005

மாடா,

உன் கடிதத்தை மேரிதான் முதலில் படித்தாள். எழுந்து போய் அலமாரி மேலிருந்து சிடியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "மேல சுத்துன தாளக்கூடப் பிரிக்கல. கேட்டேன்னு எழுதுனீங்களாக்கும்?" என்றாள். நன்றாக இல்லாவிட்டால் சந்தோஷப்பட்டிருப்பேன். நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வேன் என்ற பயத்தில்தான் பிரிக்கவில்லை.

இன்று பிரித்தேன். நீ சொன்னபடி முதலிலிருந்து வரிசையாகக் கேட்டேன். முதல் இரண்டும் நன்றாக இருக்கின்றன, எரிச்சலாக இருக்கிறது. மூன்றாவது ஆரம்பித்தபோது உன் அக்கா மேரியிடம் மாவு வாங்க உள்ளே வந்தாள். வாசல்படியிலேயே நின்று, "இது என்னலே, யாரோ கோவத்துல தங்கு தங்குனு நடந்து வாற மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். மேரி சிரித்த சிரிப்பில் மாவு கொட்டிவிட்டது. அட்டையில் இருந்த பாட்டின் பெயரை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். தன் பெயர் வருகிற இடத்தை மூன்று தடவை தொட்டுப் பார்த்தாள். அதை அடுத்து 'சீலனின் விரலுக்கு' என்று இருந்ததை நான் அவளுக்கு வாசிக்கவில்லை.

பாதி வழியில் நீ சத்தத்தை நிறுத்துகிற இடம் வந்தபோது என் இரண்டு விரலும் தானாகச் சேர்ந்துகொண்டன. கவனித்துக் கேட்டேன். உன் நிறுத்தம் சுத்தமாக இருக்கிறது. அது சுத்தமாக இருக்கக் கூடாதுடா. கரண்ட் கடித்தவன் கையை எடுக்கிற மாதிரி வெடுக்கென்று இருக்க வேண்டும். நீ இத்தனை வருஷமாகத் தப்பாகச் செய்கிறாய், உன்னைப் பார்த்து பெர்லின்காரனும் லண்டன்காரனும் தப்பாகச் செய்கிறான். எனக்கு இதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறைக்கவில்லை.

மடையா, அதான் உன் சிடியிலேயே இருக்கே.

என் வாசலுக்கு வர வேண்டாம். ஜனவரியில் நிகழ்ச்சிக்கு நான் வருகிறேன். நம் ரெக்கார்டையும் கொண்டு வருகிறேன், தாளைக் கிழிக்காமல். உன்னிடம் கொடுப்பதற்கில்லை, நானே போடுவதற்கு. இடது பக்கம் எனக்கு வேண்டும். அன்றைக்கு ஸ்பீக்கர் வயர் விட்டுப்போனால் நான் குனிய மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். வில்லெம் குனியட்டும்.

உன்
சீலன்