சரஸ்வதி போட்ட வழி

1983 மார்ச் 15, செவ்வாய்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஊர் ஊராகப் பால் எடுக்கும் எங்கள் கம்பெனி வண்டி எந்த ஊருக்கு முதலில் போகவேண்டும் என்பதைப் பதினோரு வருடமாக நான்தான் சொல்லி வந்தேன். போன வாரம், கோயமுத்தூரில் படித்துவிட்டு வேலைக்கு வந்த சரஸ்வதி, கணக்குப் போட்டு அதை மாற்றிவிட்டாள். தினமும் இரண்டு மணி நேரம் மிச்சமானது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் போட்ட வழியில் செவ்வாய்தோறும் மாட்டுச் சந்தை கூடும். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

இன்று வண்டி சந்தைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, நாற்பது கேன் பால் திரிந்து போனது.

சரஸ்வதி நேராக என்னிடம் வந்தாள். “ஏனுங்கண்ணா, நான் எங்க தப்புப் பண்ணிட்டனுங்க?” என்றாள். சந்தையைப் பற்றிச் சொன்னேன். பென்சிலை எடுத்து, செவ்வாய்க்கு மட்டும் வழியைத் திருப்பிப் போட்டாள். அதுவும் என் பழைய வழியைவிட ஒரு மணி நேரம் குறைவு.

பிறகு மேனேஜரிடம் போய், “அண்ணன முன்னாடியே கேட்டிருக்கோணுமுங்க. என் தப்புத்தானுங்க” என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அவள் கெட்டிக்காரி என்பதையாவது பொறுத்துக்கொள்வேன். நல்லவளாகவும் இருக்கிறாளே.